பதினான்கு மூடிகள்

மணியின் டெம்போ பேரிகை ரோட்டிலிருந்து மண் தடத்துக்குத் திரும்பும் சத்தம் கேட்டதும் மாதப்பன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். தலைவலித் தைலம் வாங்கிய சின்னத் தகர டப்பா அங்கேயே இருந்தது. காலையிலிருந்து இது ஐந்தாவது தடவை. டப்பாவில் தைலம் தீர்ந்து நான்கு வருடமாகிறது. உள்ளே இருப்பது வேறு. இன்றைக்கு அதைக் கௌஸ் பாஷாவின் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று முடிவு செய்துதான் அவருக்குப் போன் செய்திருந்தார். போனில் பேசியது மொத்தம் நான்கு வாக்கியம். "எஞ்சின் வருது, மாட்டணும்" என்றார் மாதப்பன். அந்தப் பக்கம் ஒரு பிரஷர் குக்கர் விசிலடித்தது. பிறகு, "செயின் பிளாக் இருக்குதா?" என்று குரல் வந்தது. "இல்ல." "கொண்டாறேன்." அவ்வளவுதான். நான்கு வருடத்துக்குப் பிறகு பேசிய பேச்சு.

மாதப்பன் நின்றிருந்த கொட்டகை ஒரு காலத்தில் ரோஜாப்பூ கட்டும் இடமாக இருந்தது. நிலத்தைக் குத்தகைக்கு எடுத்த பூக் கம்பெனி போனபோது பிளாஸ்டிக் கூரைகளைப் பிரித்துக்கொண்டு போனது. இரும்பு உத்திரம் போட்ட இந்தக் கொட்டகையை மட்டும் விட்டுவிட்டது. இப்போது அதன் நடுவில் விமானம் நின்றிருந்தது. இரண்டு பேர் உட்காரக்கூடிய, அலுமினியத் தகட்டால் ஆன சின்ன விமானம். இறக்கைகள் சுவரோரமாகச் சாத்தப்பட்டு, பழைய பெட்ஷீட்டால் மூடப்பட்டிருந்தன. மூக்கில் எஞ்சின் இல்லாததால் உடம்பு பின்பக்கமாகச் சாய்ந்து, வால் ஒரு மர ஸ்டூலின் மேல் உட்கார்ந்திருந்தது. முன்சக்கரம் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தொங்கியது. கிராமத்துக்காரர்கள் யாராவது வந்து எட்டிப் பார்த்தால், "என்னாங்க, குந்தினு இருக்குது?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அந்த ஸ்டூல் கௌஸ் பாஷாவுடையது. அவர் அதில் உட்கார்ந்துதான் ஏழு வருடம் வேலை செய்தார். அவர் வராமல் போன பிறகு ஒருநாள், வேறு எதுவும் சரியான உயரத்தில் கிடைக்காமல், மாதப்பன் அதை இழுத்து வாலுக்கு அடியில் கொடுத்தார். மனைவி சரோஜம்மாள் பார்த்துவிட்டு, "அது அந்த பாயோட ஸ்டூலாச்சே" என்றாள்.

மணி டெம்போவைப் பின்பக்கமாக எடுத்துக் கொட்டகை வாசலில் நிறுத்தினான். நாற்பது வயது, ஓசூருக்கும் பெங்களூருக்கும் ஒரு நாளைக்கு இரண்டு நடை அடிக்கிறவன். காதில் போனை வைத்துக்கொண்டு யாரிடமோ தான் வருவதாகக் கன்னடத்தில் "பர்த்தினி, பர்த்தினி" என்று சொல்லிக்கொண்டே இறங்கினான். போனைப் பையில் போட்டதும் அவனுக்குத் தமிழ் வந்துவிட்டது.

"ஏங்ணா, பொட்டி மேல விமானம் படம் போட்டிருக்குது. வர்ற வழில ஜூஜூவாடி சிக்னல்ல ஒருத்தன் கேக்கறான், விமானத்தையாப்பா டெம்போல ஏத்தினு போறேன்னு. ஆமான்னேன், ஆகாசத்துல டிராபிக்கு, அதான் பறக்கல, டெம்போல வருதுன்னேன்."

மாதப்பன் சிரித்தார். சிரிக்கும்போதே வாசலைத் தாண்டிப் பார்த்தார். தடத்தில் ஒரு மொபட் வந்துகொண்டிருந்தது. முன்பக்கம் கோணிப்பையில் பாரம் தூக்கும் செயின் பிளாக் கனமாக இருந்தது. கௌஸ் பாஷா பள்ளம் மேடு பார்த்து, கால்களை இரு பக்கமும் தரையில் உரசியபடி, மெதுவாக வந்தார். தாடி முழுக்க வெளுத்திருந்தது. கண்ணாடி புதிது, தடித்த கண்ணாடி. வண்டியை நிறுத்திவிட்டுக் கொட்டகையை ஒருதரம், கூரை உத்திரத்தை ஒருதரம் பார்த்தார். ஸ்டூலைப் பார்த்தாரா என்று மாதப்பனுக்குத் தெரியவில்லை.

"வா பாஷா" என்றார் மாதப்பன்.

"உத்தரம் தாங்கும். நடுவுல போட வேணாம், தூண் பக்கமா தள்ளிப் போடலாம்" என்றார் கௌஸ் பாஷா. வாடா போடா என்று முப்பத்தைந்து வருடம் பேசிய வாய். இப்போது நீ என்றும் இல்லாமல் நீங்கள் என்றும் இல்லாமல், உத்திரத்திடம் பேசுவது போலப் பேசியது.

இரண்டு பேரும் ஒரே வருடம் சிப்காட்டில் கியர் செய்யும் கம்பெனியில் பயிற்சிக்குச் சேர்ந்தவர்கள். ராம் நகரில் ஒரே அறையில் இருந்தார்கள். மாதப்பன் தேன்கனிக்கோட்டைப் பக்கத்து ராகிக் காட்டிலிருந்து வந்தவர். கௌஸ் பாஷாவின் அப்பா கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டிக்குச் சாக்கு விற்றவர். இயந்திரக் கூடத்தின் இரைச்சலில் பக்கத்தில் இருப்பவன் பேசினாலே கேட்காது. அதனால் கை பேசும். விரலை மேலே காட்டிச் சுழற்றினால் தூக்கு. கீழே காட்டிச் சுழற்றினால் இறக்கு. அந்தக் கைக்கு மேல் இன்னொரு உள்ளங்கையைக் கவிழ்த்தால் மெதுவாக. முஷ்டி மடக்கினால் நில். பாரம் தொங்கும்போது ஒரே ஒருவர்தான் சைகை கொடுக்க வேண்டும், மற்ற எல்லோரும் வாயை மூடிக்கொண்டு அந்தக் கையை மட்டும் பார்க்க வேண்டும் என்பது கூடத்தின் சட்டம். அந்தக் கை எப்போதும் கௌஸ் பாஷாவுடையதாக இருந்தது. கௌஸ் பாஷாவின் மகள் ஹீனாவின் நிக்காஹ் பந்தியில் பிரியாணி தீர்ந்துவிடும் போலிருந்தபோது, மண்டபத்தின் அந்தக் கோடியிலிருந்து பரிமாறிக்கொண்டிருந்த மாதப்பனுக்குக் கௌஸ் பாஷா கொடுத்தது 'மெதுவாக' சைகைதான். மாப்பிள்ளை வீட்டார் யாருக்கும் புரியவில்லை. மாதப்பன் கரண்டியின் வேகத்தைக் குறைத்தார். பிரியாணி கடைசிப் பந்தி வரை வந்தது.

தளி ரோட்டில் விமான ஓடுதளம் வந்த புதிதில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரே ஸ்கூட்டரில் போய், வேலிக்கு வெளியே வேர்க்கடலை தின்றுகொண்டு நிற்பார்கள். சின்ன விமானம் ஒன்று ஓடி, குதித்து, எழும்பும். ஒருநாள் கௌஸ் பாஷா கடலைத் தோலை ஊதிவிட்டுச் சொன்னார்: "இதுல என்னாடா இருக்குது? தகடு, நட்டு, போல்டு. எல்லாம் நாம செய்யற சாமான்தான். ஆகாசம் ஒண்ணுதான் நம்மகிட்ட இல்ல." அதைச் சொன்னபோது அவர் மேலே பார்க்கவில்லை, கடலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மாதப்பன் அந்த வாக்கியத்தை இருபது வருடம் உள்ளே வைத்திருந்து, சொந்த நிலம் வாங்கிய பிறகு, விமானம் கட்டும் பிளானை வரவழைத்து அவர் முன்னால் விரித்தார்.

செயின் பிளாக்கை உத்திரத்தில் தொங்கவிட்டு, பெட்டியை நான்கு பலகை போட்டுச் சறுக்கி இறக்கினார்கள். கௌஸ் பாஷா பெட்டியைச் சுற்றியிருந்த இரும்புப் பட்டைகளை ஒவ்வொன்றாகக் கால் வைத்து மிதித்துக்கொண்டு வெட்டினார். வெட்டிய பட்டை எகிறி முகத்தில் அடிக்கும் என்று தெரிந்தவரின் கால் அது. மேல் பலகையை எடுத்ததும் புதுச் சாமானின் வாசனை வந்தது. எண்ணெய், பிளாஸ்டிக், மரத்தூள் மூன்றும் கலந்த வாசனை. பழைய நாளில் ஜெர்மனியிலிருந்து கம்பெனிக்கு மெஷின் வந்தால் இதே வாசனைதான் வரும். பத்துப் பேர் பெட்டியைச் சுற்றி நின்று முகர்வார்கள். மாதப்பனுக்கு அதைச் சொல்ல வேண்டும் போலிருந்தது. கௌஸ் பாஷா பெட்டிக்குள் குனிந்து கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். அவரும் அதைத்தான் முகர்கிறார் என்று தெரிந்ததால் சொல்லத் தேவையில்லாமல் போயிற்று.

உறையைப் பிரித்தார்கள். எஞ்சின் ஒரு பெரிய மீன்கூடை அளவுதான் இருந்தது. நான்கு சிலிண்டர்கள், இரண்டிரண்டாகப் பக்கவாட்டில் படுத்திருந்தன. முன்னால் புரொப்பெல்லர் விசிறி மாட்டும் தண்டு பளபளத்தது. மணி அருகில் வந்தான். அவன் கை தானாகவே அந்தத் தண்டை நோக்கிப் போனது.

"தொடாத!"

இரண்டு குரலும் ஒரே நேரத்தில் வந்தன. மணி கையைச் சுட்டுக்கொண்டவன் போல இழுத்தான்.

"கரண்டா பாயுது?"

"சிலிண்டர் உள்சுவர்ல காப்பு எண்ணெ பூசி அனுப்பிருப்பாங்க. சுத்தினா வழிச்சினு போயிடும்" என்றார் கௌஸ் பாஷா.

"சுத்திப் பாக்காம எப்படிங்க பாய் இருக்க முடியும்? சுத்தற சாமானாச்சே."

"அதுக்குத்தான் ரெண்டு கிழவனுங்க காவலுக்கு நிக்கறோம்" என்றார் மாதப்பன். கௌஸ் பாஷாவின் மீசை ஓரம் லேசாக அசைந்ததாகத் தோன்றியது. ஒருவேளை வியர்வையாக இருக்கலாம்.

எஞ்சினில் திறப்பு இருந்த இடமெல்லாம் சிவப்புப் பிளாஸ்டிக் மூடிகள் போட்டு அனுப்பியிருந்தார்கள். எண்ணெய் வரும் வழி, போகும் வழி, தண்ணீர் வழி, காற்று வழி. கூடவே ஒரு காகிதம்: ஓட்டுவதற்கு முன் எடுக்க வேண்டிய மூடிகள் பதினான்கு. மாதப்பன் அந்தக் காகிதத்தைப் படித்துவிட்டு மடித்தார். பிறகு பிரித்தார்.

முன்பு மாட்டிய கார் எஞ்சினுக்கு இப்படி மூடிகள் இருந்ததில்லை. இந்த எஞ்சினை வாங்க வழியில்லாத நாளில், பழைய கார் எஞ்சின் ஒன்றைப் பிரித்து, ஒரு தகடு வைத்து இதே மூக்கில் பொருத்தினார்கள். கிராங்க் தண்டைக் கடைந்து, பேரிங்குகளை அளவு பார்த்து உட்கார வைத்தது கௌஸ் பாஷா. திறந்த துளைகளில் தூசி விழாமல் எண்ணெய் துடைக்கும் பஞ்சு வேஸ்ட்டைச் சுருட்டி அடைப்பார்கள். அடைத்தவர் எத்தனை என்று சாக்பீஸால் பலகையில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எடுக்கும்போது எண்ணிப் பார்த்து இன்னொருவர் கையெழுத்துப் போட வேண்டும். இதுவும் கூடத்துச் சட்டம்தான். கௌஸ் பாஷா ஆறு என்று எழுதிவிட்டு ஜும்மாவுக்குப் போனார். அவர் போன பிறகு கல் குவாரிப் பக்கமிருந்து ஒரு புழுதிக் காற்று அடித்தது. எண்ணெய் பம்ப் உட்காரும் முகத்தில் ஒரு துளை திறந்திருந்ததை மாதப்பன் பார்த்தார். பையிலிருந்து ஒரு துண்டு வேஸ்ட்டை எடுத்து அதில் திணித்தார். சாக்பீஸைத் தேடினார். அதற்குள் ஊரிலிருந்து தம்பி போன் செய்தான். ராகிக் காட்டில் யானை இறங்கிவிட்டது, நாலு ஏக்கரும் போச்சு என்று அழுதான். மாதப்பன் அப்படியே கிளம்பிப் போனார். மறுநாள் ஆறு எடுத்தார்கள்; ஏழாவது மாதப்பனின் நினைவில் இல்லை. கையெழுத்துப் போட்டார்கள்.

ஓட்டிப் பார்த்த அன்று எண்ணெய் அழுத்தம் மீட்டரில் சரியாகத்தான் காட்டியது; மீட்டரின் குழாய் அந்த அடைப்புக்கு முன்னாலேயே பிரிந்து போகிறது. பதினோராவது நிமிடத்தில் ஒரு கிறீச்சல். எஞ்சின் இறுகி நின்றது. பேரிங்குகள் உருகியிருந்தன. பார்க்க வந்திருந்த கம்பெனி ஆட்கள் மூன்று பேரின் முன்னால் மாதப்பன் சொன்னார்: "அளவு போயிருக்குது பாஷா. கண்ணு தளந்துபோச்சு உனக்கு." கௌஸ் பாஷா கையைத் துடைத்துக்கொண்டு மொபட்டை எடுத்தார்.

ஆறு மாதம் கழித்து, பழைய இரும்புக்குப் போடுவதற்காக அந்த எஞ்சினை உடைத்தபோது, எண்ணெய் வழியின் வளைவில் கருகிய பஞ்சு உருண்டை ஒன்று கிடைத்தது. மாதப்பன் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். போய்ச் சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம் என்றிருந்தார். பிறகு ரம்ஜான் வந்தது, அப்போது போகலாம் என்றிருந்தார். பிறகு இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வந்து, அது முதல் தவறைவிடப் பெரிதாக வளர்ந்துவிட்டது.

கௌஸ் பாஷா மூடிகளை எண்ணிக்கொண்டிருந்தார். கண்ணால் எண்ணவில்லை. ஒவ்வொரு மூடியையும் விரலால் தொட்டுத் தொட்டு, உதடு அசைய, எஞ்சினைச் சுற்றி வந்தார். சுற்றி முடித்ததும் திரும்பவும் முதலிலிருந்து எண்ணினார். முன்பெல்லாம் அவர் ஒரு தடவைக்கு மேல் எண்ணுகிறவர் அல்ல. பிறகு ஜிப்பாப் பையிலிருந்து ஒரு துண்டு சாக்பீஸை எடுத்தார். ஓய்வு பெற்று இரண்டு வருடமான மனிதரின் பையில் இன்னும் சாக்பீஸ் இருந்தது. பெட்டியின் பலகையில் 14 என்று எழுதி, கீழே உருதுவில் சின்னதாகக் கையெழுத்துப் போட்டார். சாக்பீஸை மாதப்பனிடம் நீட்டினார்.

"எண்ணிப் பாத்துட்டு போடணும்."

மாதப்பன் சாக்பீஸை வாங்கவில்லை. சட்டைப் பையிலிருந்து டப்பாவை எடுத்து, நீட்டிய அந்தக் கையிலேயே வைத்தார்.

"பம்ப்பு துளையில இருந்துச்சு. நான்தான் வெச்சேன். நீ தொழுவப் போயிருந்த. எழுதல." கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "அளவெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு."

கௌஸ் பாஷா டப்பாவைத் திறந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு முகத்துக்கு நெருக்கமாகக் கொண்டுபோய்ப் பார்த்தார். கருகிய பஞ்சை விரலால் நசுக்கினார். உள்ளே நடுவில் கொஞ்சம் வெள்ளை இன்னும் மிச்சமிருந்தது.

"எப்ப தெரிஞ்சுது?"

"அந்த வருசமே. தீவாளிக்கு முன்னால."

கௌஸ் பாஷா கொட்டகையை விட்டு வெளியே போனார். மொபட் அருகில் போய் நின்றார். மணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். ஏதோ கேட்க வாயெடுத்தான், சரோஜம்மாள் டீத் தம்ளர்களோடு வந்ததால் அதை வாங்கிக்கொண்டு ஓரமாகப் போனான். சரோஜம்மாள் ஒரு தம்ளரை எடுத்துக்கொண்டு மொபட் வரை போனாள். கௌஸ் பாஷா வாங்கிக்கொண்டார். குடிக்கவில்லை. தூரத்தில் குவாரியில் வெடி வைத்த சத்தம் கேட்டு, தகரக் கூரை அதிர்ந்தது. அவர் வண்டியை எடுத்தால் செயின் பிளாக்கும் போய்விடும். அது பெரிய விஷயமில்லை, வாடகைக்குக் கிடைக்கும். மாதப்பன் உத்திரத்தில் தொங்கிய சங்கிலியையே பார்த்துக்கொண்டிருந்தார். போகிற மனிதரின் முதுகை ஒருமுறை பார்த்தாகிவிட்டது. இன்னொரு முறை பார்க்க முடியுமென்று தோன்றவில்லை.

டீ ஆறிப் போகும் அளவுக்கு நேரமானது. பிறகு செருப்புச் சத்தம் கேட்டது.

"மூணு தடவ கண்ணாடி மாத்தினேன்டா" என்றார் கௌஸ் பாஷா. சத்தம் போடவில்லை. "பெங்களூருக்குப் போயி கண்ணு சோதிச்சேன். டாக்டரு நல்லாத்தான் இருக்குதுன்னாரு. நம்பல. மைக்ரோமீட்டர் செட்டை மாப்ளகிட்ட குடுத்துட்டேன். தெருவுல ஒருத்தன் கதவுக்கு அளவு எடுத்துக் குடுங்க பாய்ன்னான், அதுக்குக் கூடப் போவல." மூச்சு வாங்கினார். "ராவெல்லாம் படுத்துனு அந்த அளவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பாப்பேன். எப்பவும் சரியாவே வரும். அதான் பயம். தப்பு எங்கன்னே தெரியலயேன்னு."

மன்னிச்சுக்க என்ற வார்த்தை மாதப்பனின் வாய்வரை வந்தது. ஆனால் நான்கு வருடத்துக்கு அது ரொம்பச் சின்னதாக இருந்தது.

கௌஸ் பாஷா டப்பாவை மூடித் தன் பையில் போட்டுக்கொண்டார். "எண்ணுடா" என்றார். மாதப்பன் எண்ணினார். பதினான்கு. கையெழுத்துப் போட்டார். சாக்பீஸ் இரண்டாக முறிந்தது.

பெல்ட்டுகளை எஞ்சினுக்கு அடியில் கொடுத்து, கொக்கியில் மாட்டினார்கள். மணி சங்கிலியைப் பிடித்துக்கொண்டான். மாதப்பன் வழக்கம்போல விமானத்தின் மூக்கில் எஞ்சினைத் தாங்கும் குழாய்ச் சட்டத்தின் பக்கம் போனார். பாரத்தை வாங்கி, போல்ட்டைப் போடுவது எப்போதும் அவர் வேலை. அங்கே கௌஸ் பாஷா ஏற்கனவே நின்றிருந்தார்.

"சைகை நீ குடு."

"நானா?"

கௌஸ் பாஷா கண்ணாடியைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தார்.

மாதப்பன் மணிக்கு எதிரே போய் நின்றார். விரலை மேலே காட்டிச் சுழற்றினார். சங்கிலி கடகடத்தது. எஞ்சின் பெட்டியிலிருந்து பிரிந்து, ஒருமுறை மெல்லத் திரும்பி, நின்று, உயர்ந்தது. சரோஜம்மாள் காலித் தம்ளர்களோடு வாசலிலேயே நின்றுவிட்டாள். சட்டத்தின் உயரத்துக்கு வந்ததும் மாதப்பன் முஷ்டியை மடக்கினார். கௌஸ் பாஷா எஞ்சினை மார்போடு சேர்த்து இழுத்தார். மேல் போல்ட்டுகள் இரண்டும் போயின. கீழே இடதுபக்கமும் போயிற்று. நான்காவதுதான் எப்போதும் தகராறு செய்யும். மூன்றுக்கும் இடம் கொடுத்த பிறகு அதற்கென்று மிஞ்சுவது ஒரு மயிரிழை.

கௌஸ் பாஷா குனிந்தார். நான்காவது துளைக்குள் ஆள்காட்டி விரலை விட்டார்.

துளை சேருகிறதா என்று விரல் விட்டுப் பார்க்கக் கூடாது என்பது பயிற்சிப் பள்ளியில் முதல் நாள் சொல்லித் தருவது. சங்கிலி ஒரு கண்ணி அதிகமாக இறங்கினால் எஞ்சினின் துளை விளிம்பும் சட்டத்தின் துளை விளிம்பும் கத்தரி போல விரலை வெட்டிவிடும். கூடத்தில் விரல் போனவர்கள் நான்கு பேரை இருவருக்கும் பெயர் சொல்லித் தெரியும். கத்தலாமா என்று மாதப்பன் நினைத்தார். பாரம் தொங்குகிறது, கத்தினால் மணி கையை விட்டுவிடுவான். கௌஸ் பாஷா துளையைப் பார்க்கவில்லை. கண்ணாடி இல்லாத கண்களால் மாதப்பனின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாதப்பன் விரலைக் கீழே காட்டினார். அதன் மேல் மற்றொரு உள்ளங்கையைக் கவிழ்த்தார். மெதுவாக. சங்கிலியில் ஒரு கண்ணி அசைந்தது. இன்னொன்று. அரைக் கண்ணி. முஷ்டி.

கௌஸ் பாஷா விரலை எடுத்தார். போல்ட்டை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். சுத்தியல் கேட்காமல், முனகாமல், அது கடைசி வரைக்கும் போனது. அவர் குனிந்த தலையை நிமிர்த்தாமல் அந்தப் போல்ட்டின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

நட்டுகளைப் போட்டு இறுக்கிய பிறகு மாதப்பன் மீண்டும் கையைக் கீழே காட்டினார். சங்கிலி தளரத் தளர, எஞ்சினின் கனம் மூக்கில் இறங்கியது. தொங்கிக்கொண்டிருந்த முன்சக்கரம் தரையைத் தேடி வந்து, தொட்டு, கொஞ்சம் நசுங்கியது. பின்னால் வால் அசைந்தது. நான்கு வருடமாக உட்கார்ந்திருந்த இடத்தை விட்டு, யாரும் தொடாமல், ஒரு விரல் உயரம், நான்கு விரல் உயரம், ஒரு முழம் என்று எழுந்தது.

"ஐயே, எந்திரிச்சிடுச்சுங்க" என்றான் மணி மெதுவாக.

வாலுக்கு அடியில் ஸ்டூல் தனியாக நின்றது. அதன் மேல் படிந்திருந்த தூசியில், வால் உட்கார்ந்திருந்த இடம் மட்டும் நீளமாக, சுத்தமாக, மரத்தின் பழைய நிறத்தில் தெரிந்தது. கௌஸ் பாஷா கையைத் துடைக்க ஒரு துண்டு வேஸ்ட்டை எடுத்தார். துடைத்து முடித்ததும் அதை எங்கே போடுவது என்று பார்ப்பவர் போலச் சுற்றிலும் பார்த்தார். பிறகு அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு, தன் பழைய ஸ்டூலை நோக்கி இரண்டு எட்டு நடந்து, நின்றார். சைகை கொடுத்த மாதப்பனின் கை இன்னும் இறங்காமல் காற்றில் இருந்தது.